உள்நாட்டு விவகாரம்: டர்பனிலிருந்து டர்பன் வரை

"அது எங்கள் உள்நாட்டு விவகாரம்." கொஞ்ச காலமாக இந்த ஒரு வாக்கியத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். எந்த அரசு, எந்த வருஷம், யாரைப் பார்த்து இதைச் சொன்னது என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டு வைத்திருக்கிறேன். பகலில் கோடு எழுதுகிறவனுக்கு ராத்திரியில் இப்படி ஒரு பொழுதுபோக்கு.

வேறொரு நாட்டில் பத்திரிகைகளை முடக்குகிறார்கள், விசாரணை இல்லாமல் ஆட்களை உள்ளே தள்ளுகிறார்கள் என்று செய்தி வந்தால், நம் பக்கத்தில் வழக்கமாக இரண்டு பதில்கள் கேட்கும். ஒன்று, "அவங்க நாடு, அவங்க பாடு, நமக்கு எதுக்கு வம்பு?" இன்னொன்று, "நாம மட்டும் ரொம்ப யோக்கியமா? முதல்ல நம்ம வீட்டைப் பார்ப்போம்." இரண்டையும் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதைப் பொதுப்படையாகப் பேசினால் விடிய விடியப் பேசலாம், ஒரு முடிவுக்கும் வர முடியாது. அதனால் இந்தியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த நாட்டின் அடக்குமுறையைத் தட்டிக்கேட்ட நாடாகவும் இந்தியா இருந்திருக்கிறது, தட்டிக்கேட்கப்பட்ட நாடாகவும் இருந்திருக்கிறது. ஒரே புரோகிராமை இரண்டு பக்கத்திலிருந்தும் ஓட்டிப் பார்க்கிற வசதி.

1946: டர்பனில் ஒரு கூடாரம், நியூயார்க்கில் ஒரு புகார்

1860 நவம்பரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு சுமார் ஐம்பது வருஷம் கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. போனவர்களில் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் ஏராளம். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கி, சிறுகச் சிறுகச் சேர்த்து நிலம் வாங்கி, கடை போட்டு உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில், 1946ல், ஜான் ஸ்மட்ஸின் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆசியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கோடு கிழிக்கிற சட்டம். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கெட்டோ சட்டம்'.

ஜூன் 13 அன்று டர்பனில் சத்தியாகிரகம் தொடங்கியது. தடை செய்யப்பட்ட ஒரு காலி மனையில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் அடுத்த குழு வந்து உட்காரும். கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். தலைவர்களில் ஒருவர் டாக்டர் மாண்டி நாயக்கர், இன்னொருவர் டாக்டர் யூசுப் தாதூ.

அதே மாதம் இந்தியா ஐ.நா. சபையில் புகார் கொடுத்தது. அடுத்த மாதமே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. இந்தியாவின் ஏற்றுமதியில் சுமார் ஐந்து சதவீதம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. நேருவின் இடைக்கால அரசு பதவியேற்றது செப்டம்பரில்தான். அதாவது, புகார் கொடுத்தபோது இந்தியாவே சுதந்திர நாடு இல்லை! தானே அடிமையாக இருந்த நாடு இன்னொரு நாட்டின் சட்டத்தை எதிர்த்து உலக சபையில் மனு போட்டது.

ஸ்மட்ஸ் நேரிலேயே நியூயார்க் வந்தார். ஐ.நா. சாசனத்தின் முகவுரைக்கு முதல் வரைவு எழுதியவர் அவர்தான். அடிப்படை மனித உரிமைகளைப் பற்றிப் பேசுகிற அதே முகவுரை. இப்போது அவர் கையில் எடுத்தது அதே சாசனத்தின் 2ஆம் பிரிவு, 7ஆம் உட்பிரிவு. ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயங்களில் ஐ.நா. தலையிடக் கூடாது என்கிற விதி. ஐ.நா.வுக்கு இதில் அதிகாரம் உண்டா என்று முதலில் சர்வதேச நீதிமன்றத்தைக் கேளுங்கள் என்றார்.

இந்தியக் குழுவுக்குத் தலைமை விஜயலட்சுமி பண்டிட். 1927லும் 1932லும் இந்த மக்களைப் பற்றி இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன, பிறகு எப்படி இது வெறும் உள்நாட்டு விவகாரம் ஆகும் என்பது இந்தியாவின் சட்ட வாதம். சாசனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மனித உரிமையை மறுக்க முடியாது என்பது அதன் தார்மீக வாதம். டிசம்பர் 8 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது. அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்த்து வாக்களித்தும் தீர்மானம் நிறைவேறியது.

அந்தச் சபையில் விழுந்த இன்னொரு அடி

நம்மூர்ப் புத்தகங்களில் இந்தக் கதை பெரும்பாலும் இந்த வெற்றியோடு முடிந்துவிடும். ஆனால் அந்த விவாதத்தில் தென்னாப்பிரிக்கத் தரப்பு சும்மா இருக்கவில்லை. உங்கள் நாட்டில் சாதி இருக்கிறது, தீண்டாமை இருக்கிறது, இந்துக்களும் முஸ்லிம்களும் தெருவில் வெட்டிக்கொள்கிறார்கள், நீங்கள் எங்களுக்குப் பாடம் எடுக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டது. கல்கத்தாவில் ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

அவர்கள் சொன்னது பொய்யா? இல்லை. அப்படியானால் இந்தியா சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. "நீ மட்டும் யோக்கியமா" என்கிற கேள்வியில் இருக்கிற தந்திரமே இதுதான். இரண்டு உண்மைகளை மோதவிட்டு இரண்டுமே இல்லை என்று ஆக்கிவிடும். என் கோடில் பக் இருக்கிறது என்பதற்காக உங்கள் கோடில் நான் கண்டுபிடித்த பக் இல்லாமல் போய்விடுமா? இரண்டையும்தான் சரிசெய்யணும்.

அதே 1946 ஜூலையில் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு ஒரு மனு கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதன் பிரதிகள் கிடைக்குமா, இந்தியாவில் தீண்டத்தகாதவர்களும் அதே வழியில் போவதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்று அதில் கேட்கிறார். டு போய்ஸும் பதில் எழுதினார். ஒரு பக்கம் இந்திய அரசு தென்னாப்பிரிக்காவின் 'உள்நாட்டு விவகார'த்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோகிறது. அதே வாரங்களில் ஓர் இந்தியர், இந்தியாவின் 'உள்நாட்டு விவகார'த்தை அதே ஐ.நா.வுக்குக் கொண்டுபோக முடியுமா என்று வழி தேடுகிறார்.

இங்கே எனக்கு ஒன்று உறைத்தது. இந்த வாக்கியத்தைச் சொல்கிறவர்கள் யார் என்று என் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு காலம் இருக்கிறது. அந்தக் காலம் முழுக்க அரசுகள், அமைச்சர்கள், தூதர்கள். சிறைக்குள் இருப்பவர், "என்னை அடைத்தது எங்கள் உள்நாட்டு விவகாரம், நீங்கள் பேசாதீர்கள்" என்று சொன்னதாக ஒரு வரிசைகூட இன்னும் சேரவில்லை.

உடனே என்ன பலன்? ஒன்றுமில்லை, இன்னும் மோசம்

தீர்மானத்தை ஸ்மட்ஸ் மதிக்கவில்லை. அது மட்டுமா? ஐ.நா.வில் பட்ட அவமானத்தை வைத்து உள்ளூரில் எதிர்க்கட்சிக்காரர்கள் அவரையே அடித்தார்கள். கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடம் கொடுத்ததால்தான் இந்த நிலை என்றார்கள். 1948 மே மாதத் தேர்தலில் தேசியக் கட்சி ஜெயித்தது. அபார்தைட் என்ற சொல்லே அரசுக் கொள்கையானது. 1950ல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தோடு ஒப்பிட்டால் கெட்டோ சட்டம் ஒன்றுமே இல்லை.

வெளியாள் பேசினால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து, ஆட்சியாளர் இன்னும் முறுக்கிக்கொள்வார் என்கிற வாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1948 தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. வெள்ளையர்களுக்கு இடையேயான மொழிப் பகை, தொகுதிப் பங்கீடு என்று அதற்குத் தனிப் பதிவே போடலாம். ஆனாலும் வெளியிலிருந்து வந்த கண்டனம் கடும்போக்காளர்களுக்குத் தீனி போட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சரி, அப்போ இந்தியா பேசாமல் இருந்திருக்கணுமா? இதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கோ உங்களுக்கோ இல்லை. அங்கே அடிபட்டவர்களுக்குத்தான் உண்டு. அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 1946ல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர் டாக்டர் ஏ.பி. ஸூமா, எந்த அரசுப் பதவியும் இல்லாமல் நியூயார்க் போய், பிரதிநிதிகளைத் தேடித் தேடிப் பேசினார். நேட்டால் இந்தியர்களின் பிரதிநிதிகளும் போனார்கள். 1947 மார்ச்சில் ஸூமா, நாயக்கர், தாதூ மூவரும் சேர்ந்து போராடுவதாக ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். மூவரும் மருத்துவர்கள் என்பதால் அதை 'டாக்டர்கள் ஒப்பந்தம்' என்பார்கள். வெளிநாட்டில் யாராவது பேசுங்கள் என்று கேட்டது இவர்கள்தான்.

இந்தியாவும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1946ன் புகார் இந்திய வம்சாவளியினருக்காக மட்டும். நம்ம ஆளுங்களுக்கு அநியாயம் நடந்தால் கேட்போம் என்கிற அளவு. 1952ல் இந்தியா உள்ளிட்ட 13 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் அபார்தைட் கொள்கையையே ஐ.நா.வின் நிகழ்ச்சி நிரலில் ஏற்றின. இப்போது பேச்சு எல்லாருக்குமானது. சொந்தக்காரனுக்காகக் கேட்பதிலிருந்து மனிதனுக்காகக் கேட்பதற்குப் போக ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

ஏழைகளைத்தானே பாதிக்கும்?

பொருளாதாரத் தடை என்றதும் வருகிற அடுத்த வாதம் இது. தடை போட்டால் வேலை இழப்பது கறுப்பினத் தொழிலாளிதான், முதலாளி இல்லை. தென்னாப்பிரிக்காவுக்குள் இருந்துகொண்டு அபார்தைட்டை எதிர்த்த நாவலாசிரியர் ஆலன் பேட்டனும் நாடாளுமன்றத்தில் வருஷக்கணக்கில் தனி ஆளாக நின்று எதிர்த்த ஹெலன் சுஸ்மனும் தடைகளை ஏற்கவில்லை. இவர்களை அரசின் கைக்கூலிகள் என்று யாரும் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கத்தில் ஆல்பர்ட் லுத்துலி. அப்போதைய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர், பிற்பாடு நோபல் அமைதிப் பரிசு வாங்கியவர். 1959ல் லண்டனில் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியபோது அதை ஆதரித்து வேண்டுகோள் விடுத்தார். இதனால் எங்கள் மக்களுக்குக் கஷ்டம் வரும், ரத்தம் சிந்தும் காலத்தை அது குறைக்குமென்றால் அந்த விலையைக் கொடுக்க நாங்கள் தயார் என்பது அவர் நிலை. அடுத்த மார்ச்சில் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். லண்டன் இயக்கம் பெரிதாகி, அபார்தைட் எதிர்ப்பு இயக்கம் ஆனது.

உள்ளே இருப்பவர்களே இரண்டு விதமாகச் சொன்னால் வெளியாள் யாரைக் கேட்பது? இதற்கு ஃபார்முலா கிடையாது. ஆனால் வாக்குரிமை இல்லாத பெரும்பான்மையில் பலர் நம்பிய அமைப்பு, கஷ்டத்தைத் தாங்களே சுமப்பதாகச் சொல்லிக் கேட்கும்போது, அந்தக் குரலுக்கு எடை அதிகம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நாமும் ஏதாவது இழக்கிறோமா என்பதையும் பார்க்கணும். அறிக்கை விடுவதற்குக் காசு ஆகாது. இந்தியா இழந்தது. வணிகம் போனது. அந்தக் கால இந்திய பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது என்று அதில் போட்டிருக்கும். 1974ல் சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த டென்னிஸ் அணி, கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் புனேயில் சோவியத் யூனியனையும் வீழ்த்தி டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை அவர்களுக்குப் போனது. அந்தக் கோப்பை இன்றுவரை இந்தியாவுக்கு வந்ததில்லை. இருபது வயதில் அப்படி ஒரு வாய்ப்பை விட்டுக்கொடுக்கச் சொன்னால் என்னால் முடிந்திருக்குமா, தெரியாது.

இன்னொருவரையும் சொல்லணும். நெல்லூர்ப் பக்கம் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, 1946ல் நியூயார்க்குக்குப் படிக்கப் போனவர் இ.எஸ். ரெட்டி. அந்த வருஷம் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு எதிரே நடந்த ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டார். பிறகு ஐ.நா.வில் வேலைக்குச் சேர்ந்து, 1963லிருந்து அபார்தைட் எதிர்ப்புச் சிறப்புக் குழுவின் செயலாளராகவும் பின்னால் அபார்தைட் எதிர்ப்பு மையத்தின் இயக்குநராகவும் இருந்தார். தடை, ஆயுத விற்பனை, கைதிகளின் குடும்ப உதவி என்று இருபது வருஷம் ஃபைல் தள்ளிய மனிதர். 1977ல் ஆயுதத் தடை கட்டாயமானது. 1980களின் நடுவில் வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்தன. 1990ல் மண்டேலா வெளியே வந்தார். 1994ல் எல்லாரும் வாக்களித்தார்கள். அந்த முதல் தீர்மானத்திலிருந்து கணக்குப் போட்டால் 48 வருஷம்.

1956ம் 1975ம்

இப்போது அடுத்த பக்கம். 1956 நவம்பர் 4 அன்று சோவியத் டாங்குகள் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்தன. 9ஆம் தேதி, சோவியத் படைகள் விலக வேண்டும், ஐ.நா. மேற்பார்வையில் சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்ற தீர்மானம் வந்தபோது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது. கம்யூனிஸ்ட் நாடுகள் அல்லாமல் எதிர்த்து வாக்களித்தது இந்தியா மட்டும்தான். இன்று ஹங்கேரியில் ஐ.நா. தேர்தல் என்றால் நாளைக்கு காஷ்மீரிலும் கேட்பார்களே என்கிற கவலை ஒரு காரணம். சூயஸில் பிரிட்டனையும் பிரான்ஸையும் உடனே கண்டித்த நேரு, இங்கே தயங்கினார். அதை வெளிப்படையாக விமர்சித்தவர்களில் முக்கியமானவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். 1959ல் திபெத்துக்காகவும் 1971ல் வங்காளதேசத்துக்காகவும் ஜே.பி. குரல் கொடுத்தார். அடுத்த நாட்டு மக்களின் சுதந்திரம் நம் விஷயமும்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

1975 ஜூன் 25 ராத்திரி அவசரநிலை வந்தது. விடிவதற்குள் ஜே.பி. கைதானார். டேவிஸ் கோப்பையை விட்டுக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை! அதே இந்தியாவில் பத்திரிகைத் தணிக்கை, விசாரணையில்லாத சிறை. சில வெளிநாட்டு நிருபர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பி.பி.சி.யின் மார்க் டல்லியும் கிளம்ப வேண்டியிருந்தது. லண்டனில் ஜே.பி.யை விடுவிக்கக் கோரி ஓர் இயக்கம் தொடங்கியது. ஆகஸ்ட் 15 அன்று டைம்ஸ் பத்திரிகையில், இந்திய ஜனநாயகத்தின் விளக்கு அணைய விடாதீர்கள் என்ற பொருளில் விளம்பரம் வந்தது. ஜெர்மனியின் முன்னாள் பிரதமர் வில்லி பிராண்ட் உள்ளிட்டவர்களை ஜே.பி.யைப் பார்க்க அனுப்ப சோஷலிஸ்ட் அகிலம் விரும்பியது. டெல்லி மறுத்துவிட்டது. காரணம்? உள்நாட்டு விவகாரத்தில் தலையீடு. ஸ்மட்ஸ் 1946ல் சொன்ன அதே வாதம், கிட்டத்தட்ட அதே சொற்கள். அதோடு 'அன்னியக் கை' என்று புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது.

எல்லா நண்பர்களும் பேசினார்கள் என்றும் சொல்ல முடியாது. இந்திய விடுதலைக்கு ஆதரவாக நின்ற பிரிட்டிஷ் தொழிற்கட்சித் தலைவர் மைக்கேல் ஃபுட், இந்திரா காந்தியின் பக்கம்தான் நின்றார். நேரு குடும்பத்து நட்பு கண்ணை மறைத்தது என்று நினைக்கிறேன்.

லண்டன் விளம்பரமா அவசரநிலையை முடித்தது? இல்லை. முடித்தது 1977 மார்ச்சில் நம்மூர் வாக்காளர்கள். ஆனால் உள்ளே ஒரு பத்திரிகையும் வாய் திறக்க முடியாதபோது, சிறையில் இருந்தவர்களின் பெயர்கள் அச்சில் வந்தது வெளிநாட்டில்தான். வெளியாள் செய்யக்கூடியது பல நேரங்களில் இவ்வளவுதான்: உள்ளே அழிக்கப்படும் பதிவை வெளியே வைத்திருப்பது. பேக்கப் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2001: மறுபடி டர்பன்

2001 ஆகஸ்ட் கடைசியில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு விடுதலை பெற்ற தென்னாப்பிரிக்காவில் நடந்தது. ஊர்? டர்பன். அங்கே இந்தியாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தலித் செயல்பாட்டாளர்கள் போனார்கள். சாதிப் பாகுபாட்டையும் மாநாட்டு ஆவணத்தில் சேர்க்கணும் என்பது கோரிக்கை. இந்திய அரசு கடுமையாக எதிர்த்தது. சாதி என்பது இனம் இல்லை, எங்கள் அரசமைப்புச் சட்டமே இதைக் கவனித்துக்கொள்கிறது, இதை வெளியே கொண்டுபோகத் தேவையில்லை என்றது. இறுதி ஆவணத்தில் சாதி இடம்பெறவில்லை.

சாதியும் இனமும் ஒன்றா என்பதில் ஆய்வாளர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் 1946ல் டர்பன் கூடாரத்தில் உட்கார்ந்தவர்களுக்காக எந்த வாதத்தை உடைத்தோமோ, 55 வருஷம் கழித்து அதே ஊரில் அதே வாதத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டோம். அம்பேத்கர் 1946ல் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

என் முடிவு இதுதான். எதிர்க்கணும். படை அனுப்புவதைச் சொல்லவில்லை. வாயால், எழுத்தால், பணத்தை நிறுத்துவதால் எதிர்ப்பதைச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உள்ளே யார் கேட்கிறார்கள் என்று காது கொடுக்கணும், நாம் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்க்கணும். நாளைக்கு இதே கேள்வி நம் வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்த மாட்டோம் என்கிற துணிவும் வேணும். மூன்றாவதில்தான் இந்தியா பெரும்பாலும் தோற்றிருக்கிறது. அதற்காக முதல் இரண்டில் செய்ததெல்லாம் வீண் என்று ஆகிவிடாது. 1946ல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாம் யோக்கியர்கள் ஆகியிருக்க மாட்டோம். கூடாரத்தில் இருந்தவர்களுக்கு ஒரு குரல் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அம்பேத்கர் - டு போய்ஸ் கடிதங்களின் பின்னணியும், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுக்களின் கதையும் தனியாக எழுதவேண்டிய அளவுக்கு இருக்கின்றன. அடுத்த பதிவில் பார்க்கலாம்.